மே மாசம் வெயில், நவம்பரில் இருட்டு: அம்பத்தூர், ஆவடி வீட்டுச் சந்துக்கு எந்தச் செடி செட் ஆகும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தோட்டம் என்றாலே பல வீடுகளில் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருக்கும் மூன்று, நான்கு அடி சந்துதான். பக்கத்து மனையில் அபார்ட்மென்ட் எழும்பிவிட்டால் அந்த வெயிலும் போச்சு. மழைக்காலத்தில் ஈரம் காயவே காயாது. ஆசையாக வாங்கி வைத்த ரோஜா ஒரு வருஷம்கூட தாங்குவதில்லை. ஏன்? அப்போ என்னதான் வைக்கலாம்?

சந்து எந்தப் பக்கம் இருக்கு?

செடியைப் பார்ப்பதற்கு முன் திசையைப் பாருங்க. சென்னை சுமார் 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அதன் பிறகு ஆகஸ்ட் பாதி வரை சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் வீட்டின் வடபுறச் சந்தில் கோடையில் வெயில் விழும். செப்டம்பர் கடைசியில் சூரியன் தெற்கே போய்விட்டால், மார்ச் வரை அங்கே நேரடி வெயில் கிடையாது.

சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் பெய்வதும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான். வெயில் இல்லாத நேரம் பார்த்து மண்ணும் சொதசொதவென்று ஆகிறது. மே மாசம் "இங்கே நல்லா வெயில் வருதே" என்று நம்பி வைத்த செடி நவம்பரில் வேர் அழுகிச் சாவது இதனால்தான். இதுக்கு உரம் போட்டு பிரயோஜனம் இல்லை.

தென்புறச் சந்து என்றால், பக்கத்துக் கட்டடம் மறைக்காதவரை, கதை தலைகீழ்.

எதெல்லாம் வேண்டாம்?

பூந்தமல்லி பேரிலேயே மல்லி இருக்கலாம். ஆனால் நிழலில் மல்லிக்கொடி நீளுமே தவிர, பூப்பது அபூர்வம். ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலை எல்லாம் மொட்டை மாடிக்கு. ஸ்னேக் பிளான்ட்டை 'நிழல் செடி' என்று நர்சரியில் கொடுப்பார்கள். உண்மைதான், நிழலைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. நமக்கு இரண்டும் தாங்கணும்.

எதை வைக்கலாம்?

முதல் சாய்ஸ் வெற்றிலை. கொடிக்கால்களில் அகத்தி மர நிழலில்தான் இதை ஏற்றுவார்கள். ஈரம் பிடிக்கும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு சாண் உயரத்துக்கு மண் மேடு போட்டு கணுவோடு தண்டு நட்டு, சுவரில் ஏற்றிவிடுங்க. திப்பிலியும் இதே குடும்பம்தான், நிழலில் நன்றாக வரும். சோற்றில் போட்டால் வாசம் தூக்கும் ரம்பைக்கும் நிழலும் ஈரமும் ஒத்துப்போகும்.

தண்ணீர் நிற்கிற மூலையில் சேம்பு வைக்கலாம். அழகுக்கு என்றால் பெரணி, மணி பிளான்ட், சிங்கோனியம். டிஃபன்பாக்கியா பார்க்க ஜோர்தான். ஆனால் அதன் இலையைக் கடித்தால் வாய், நாக்கு எரிந்து வீங்கும். குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் தவிர்ப்பது நல்லது.

கீரையில் கவனம்

வல்லாரை இந்த இடத்துக்கென்றே பிறந்த மாதிரி பரவும். சிக்கல் வேறு இடத்தில். பல வீடுகளில் செப்டிக் டேங்கும் இதே சந்தில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல வெள்ளத்தோடு கழிவுநீரும் கலந்தால், தரையில் படர்ந்த வல்லாரையைப் பச்சையாகத் துவையல் அரைப்பது ஆபத்து. இரண்டு செங்கல் மேல் தொட்டி வைத்து அதில் வளருங்க. வெள்ளம் தொட்டிக்குள் ஏறிவிட்டால் அந்தக் கீரையை விட்டுடுங்க.

எப்போ நடுவது?

ஜூன், ஜூலை சரியான நேரம். மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். அக்டோபர் வந்ததும் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்க. அதில் நிற்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஒன்றிரண்டு வாரம்தான். பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருந்தால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உள்பக்கம் தேய்த்துக் கழுவிவிட்டு புதுத் தண்ணீர் ஊற்றணும்.