நெய்வேலியின் வரவும் செலவும்

இன்று பதிவு கொஞ்சம் நீளம். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு மாதமாகவே பழைய மாணவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "டீச்சர், என்.எல்.சி. பங்கு கொஞ்சம் வாங்கிப் போட்டிருக்கேன். அவங்க ஆண்டறிக்கை வந்திருக்கு. ஒண்ணும் தலைகால் புரியல, நீங்க படிச்சுச் சொல்லுங்க." நான் இடைநிலை ஆசிரியை. கணக்குத் தணிக்கை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் அப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர், கூட்டுறவுச் சங்க உறுப்பினர். வருடாந்திரப் பேரவைக் கூட்டத்துக்கு முன்னால் சங்கத்தின் அறிக்கை வீட்டுக்கு வரும். தலைவர் உரையை அப்பா தொடக்கூட மாட்டார். நேராகப் பின்பக்கம் போவார். விற்காமல் தேங்கிய சேலை எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு, சங்கம் கட்டவேண்டிய கடன் எவ்வளவு, இந்த மூன்றுதான் பார்ப்பார். "கடைக்காரன் முந்தானையைத்தான் முதல்ல விரிப்பான், நீ புடவையைத் திருப்பிப் பாரு" என்பார். அந்தப் பாடத்தோடுதான் நெய்வேலி அறிக்கையைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட எனக்கு எண்களைவிட அதன் வரலாறுதான் பிடித்துப்போனது.

கதை 1930-களில் தொடங்குகிறது. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் நெய்வேலி ஒரு சிறு கிராமம். சுற்றிலும் முந்திரிக்காடு, பக்கத்தில் பண்ருட்டிப் பலா. அங்கே நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் பாசனத்துக்காகக் குழாய்க் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ தண்ணீரோடு வந்தது. அதை அவர் விட்டுவிடவில்லை, அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1940-களில் புவியியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டுப் பார்த்துப் பழுப்பு நிலக்கரி என்று உறுதி செய்தார்கள். முதலியார் தம் நிலத்தில் 620 ஏக்கரைத் திட்டத்துக்குக் கொடுத்தார் என்று நெய்வேலிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் சிலையும் ஊரில் இருக்கிறது. இந்த 620 ஏக்கரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நிலக்கரி இருக்கிறது என்பது வேறு, எடுப்பது வேறு. 1954-இல் பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் திட்ட அறிக்கை தயாரித்தது. 1956 நவம்பர் 14-ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மண்ணைத் தோண்டும் யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன, அனல்மின் நிலையம் சோவியத் யூனியன் உதவியில் எழுந்தது. உலகமே இரண்டு முகாமாக முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு பேரையும் ஒரே முந்திரிக்காட்டில் வேலை வாங்கியிருக்கிறோம்! இதை வகுப்பில் சொன்னபோது நீங்கள் யாரும் சிரிக்கவில்லை, இப்போதாவது சிரியுங்கள்.

வேலை எளிதாக இல்லை. நிலக்கரிக்கு மேலே 50 மீட்டருக்கும் அதிகமான மண். அதில் இருந்த கடினமான மணற்பாறை, ஜெர்மன் யந்திரங்களின் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. பற்களையே மாற்றி வடிவமைக்கவேண்டி வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை அடியில். கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேல்மண்ணை எடுத்துவிட்டால் அந்தத் தண்ணீர் கரியைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ளவேண்டும், தண்ணீர்க் கணக்கு தனி. இப்படியெல்லாம் பாடுபட்டு 1961 ஆகஸ்டில் கரி வெளியே தெரிந்தது. 1962-இல் முதல் 50 மெகாவாட் மின் யந்திரம் ஓடியது.

எங்கள் தலைமுறைக்கு நெய்வேலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது லெகோதான். பழுப்பு நிலக்கரியை அழுத்திச் சுட்டுக் கட்டிகளாக்கி விற்றார்கள். பற்றவைப்பதற்குள் கண்ணீர் வந்துவிடும், பற்றிக்கொண்டால் புகையே இல்லை. எங்கள் வீட்டுக் குமுட்டி அடுப்பில் அம்மா லெகோ போட்டுத்தான் பால் காய்ச்சினார். 1966-இல் உரத் தொழிற்சாலையும் வந்தது. கேஸ் அடுப்பு பரவியதும் லெகோ போயிற்று, யூரியாவும் நின்றது. ஒரே கரியிலிருந்து மின்சாரம், உரம், அடுப்புக்கரி என்று மூன்றும் எடுத்த அந்த ஆசையில் கடைசியில் நிலைத்தது மின்சாரம் மட்டும். அதற்கும் காரணம் உண்டு. இந்தக் கரியில் பாதிக்குப் பாதி ஈரம். லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுப்போம். எடுத்த இடத்திலேயே எரிக்கவேண்டும். அதனால் சுரங்கமும் மின் நிலையமும் ஒட்டிப் பிறந்த குழந்தைகள். ஒன்றுக்குச் சளி பிடித்தால் இன்னொன்று தும்மும்.

இனி அந்த மாணவர் கேட்ட கணக்கு. நிறுவனம் 2016-இல் என்.எல்.சி. இந்தியா என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2024-25-இல் துணை நிறுவனங்களையும் சேர்த்து வருமானம் 15,000 கோடி ரூபாய்க்கு மேல், வரி போக லாபம் சுமார் 2,700 கோடி. முந்தைய ஆண்டு லாபம் ஏறத்தாழ 1,870 கோடி, ஆக நல்ல ஏற்றம்தான். இதைப் பார்த்து யாரும் துள்ளிக் குதிக்கவேண்டாம். இவர்களுடைய அனல் மின்சாரத்துக்கு விலை சந்தையில் ஏலம் போட்டு வருவதில்லை. போட்ட முதலுக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்கிட்டு, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கிறது. நம் சங்கத்தில் நெசவாளருக்குக் கூலி நிர்ணயிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தறி ஓடினால் கூலி உண்டு, பாவு இல்லாமல் தறி நின்றால் கூலியும் நிற்கும். இங்கே பாவு என்பது கரி.

அந்தப் பாவில்தான் சிக்கல். நெய்வேலியில் மூன்று சுரங்கங்கள். முதல் சுரங்கம் 105 லட்சம் டன், அதன் 1-ஏ பிரிவு 30 லட்சம், இரண்டாம் சுரங்கம் 150 லட்சம். மொத்தம் ஆண்டுக்கு 285 லட்சம் டன் எடுக்கும் திறன். சமீப ஆண்டுகளில் அந்த அளவை எட்ட முடியவில்லை. யந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, முன்னால் நகர நிலம் இல்லை. திறந்தவெளிச் சுரங்கம் என்பது நகர்ந்துகொண்டே இருக்கவேண்டிய ஒன்று. முன்னால் வெட்டிப் பின்னால் மூடிக்கொண்டே போகவேண்டும், நின்ற இடத்தில் நிற்க அதற்குத் தெரியாது.

வளர்ச்சித் திட்டங்களைப் படிக்கும்போது இது இன்னும் நன்றாகத் தெரிகிறது. வளர்ச்சி பெரும்பாலும் நெய்வேலிக்கு வெளியே! ஒடிசாவில் தாலபிரா நிலக்கரிச் சுரங்கம், ஆண்டுக்கு 200 லட்சம் டன் திறன், 2020-இல் உற்பத்தி தொடங்கியது. அங்கேயே 2,400 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு 2024 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். உத்தரப்பிரதேசம் காட்டம்பூரில் 1,980 மெகாவாட் நிலையம், அதன் முதல் யந்திரம் 2024 டிசம்பரில் வணிக உற்பத்திக்கு வந்தது. ராஜஸ்தான் பர்சிங்சரில் சுரங்கமும் மின் நிலையமும் முன்பே உண்டு. தூத்துக்குடியில் தமிழக மின்வாரியத்தோடு கூட்டாக 1,000 மெகாவாட். இவற்றோடு சூரிய ஒளி, காற்று என்று இப்போதே சுமார் 1,400 மெகாவாட். 2030-க்குள் இதை 10 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் கொண்டுபோவதாகச் சொல்கிறார்கள். இதற்கான துணை நிறுவனத்தில் 7,000 கோடி வரை முதலீடு செய்ய 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அறுபது ஆண்டில் போட்டதைவிட அதிகமாக ஐந்தாண்டில் போடுவோம் என்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. செய்தால் சந்தோஷம்.

இப்போது புடவையைத் திருப்புவோம். அறிக்கையில் இடர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் எல்லாமே எழுதவேண்டிய பகுதி அது. மின்வாரியங்கள் பணம் தர இழுத்தடிப்பது ஒரு இடர். காற்று மாசுக் கட்டுப்பாட்டுக்கான செலவு இன்னொன்று. சூரிய மின்சாரம் மலிவாகிக்கொண்டே வருவதால் கரி மின்சாரத்தை யார் வாங்குவார்கள் என்பது மற்றொன்று. பழைய நிலையங்களுக்கு வயதாகிவிட்டது. சோவியத் உதவியில் கட்டிய முதல் நிலையம் 2020 செப்டம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே மாதம் ஒரு கொதிகலன் விபத்து, ஜூலை 1-ஆம் தேதி இன்னொன்று. ஜூலை விபத்தில் அன்றே ஆறு பேர் இறந்தார்கள், மருத்துவமனையில் பிறகும் உயிர்கள் போயின. அறிக்கையின் நடையில் இதெல்லாம் 'செயல்பாட்டு இடர்' என்ற தலைப்பில் அடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே நிலம். 'நிலம் கையகப்படுத்துவதில் தாமதம்' என்பார்கள், நாலைந்து சொல்தான். அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டாம் சுரங்கம் முன்னேற வேண்டுமானால் பரவனாற்றுக் கால்வாயைத் திருப்பவேண்டும். அதற்காக 2023 ஜூலை கடைசியில் வளையமாதேவியில் போலீஸ் பாதுகாப்போடு மண்வெட்டி யந்திரங்கள் வயலில் இறங்கின. வயலில் வளர்ந்து நின்ற நெல் மண்ணோடு போனது. நிறுவனம் சொன்ன நியாயம்: நிலம் பல ஆண்டு முன்பே எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, பயிர் வைக்கவேண்டாம் என்றும் சொன்னோம். விவசாயிகள் சொன்ன நியாயம்: அன்றைக்குக் கொடுத்த பணம் இன்றைய விலையில் ஒன்றுமே இல்லை, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்று எதிர்பார்த்தோம், அது வரவில்லை, நிலம் சும்மா கிடந்ததால் உழுதோம். சட்டப்படி பார்த்தால் நிறுவனத்தின் பக்கம் காகிதம் இருக்கிறது. ஆனால் அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர்நீதிமன்றமே கேட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவும் போட்டது. கையில் காகிதம் இருந்தாலும் பயிரை மிதிக்கக் கூடாது என்பதுதான் என் அபிப்பிராயமும். அந்த வாரமே நெய்வேலியில் நடந்த போராட்டம் கலவரத்தில் முடிந்தது.

இங்கேதான் அந்த 620 ஏக்கரை நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் தம் நிலத்தைத் தாமாக முன்வந்து கொடுத்ததில் தொடங்கிய நிறுவனம், இன்று போலீஸ் இல்லாமல் ஒரு வயலுக்குள் போக முடியவில்லை. 50-களில் நிலம் கொடுத்தவர்களுக்குச் சுரங்கம் என்றால் வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி. நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த பிள்ளைகள் எவ்வளவு பேர் இன்று டாக்டராகவும் இன்ஜினீயராகவும் இருக்கிறார்கள்! ஆனால் யந்திரம் பெருகப் பெருக நிரந்தர வேலை சுருங்கியது, ஒப்பந்தத் தொழிலாளர் பெருகினார்கள். நீரை இறைக்க இறைக்கத் தங்கள் கிணறு கீழே போய்விட்டது என்பது சுற்று வட்டார மக்களின் நெடுநாள் புகார். அதே நெய்வேலித் தண்ணீர்தான் வீராணம் வறண்டபோது குழாய் வழியாகச் சென்னைக்குப் போனது என்பதையும் சொல்லவேண்டும். நிலம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அன்று கண்முன்னே பதில் இருந்தது. இன்று அந்தப் பதில் ஒரு ரூபாய்த் தொகையாகச் சுருங்கிவிட்டது. தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் தாமதம் தீராததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இடர்ப் பகுதியில் இந்தக் காரணம் வராது.

இதில் அரசியல்வாதிகள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள். 2006-இல் பங்கை விற்கக் கிளம்பியபோது முதல்வராக இருந்த கலைஞர் எதிர்த்தார், மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2013-இல் மறுபடி விற்க வந்தபோது முதல்வர் ஜெயலலிதா 3.56 சதவீதப் பங்கைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கும்படி செய்தார், சுமார் 358 கோடிக்கு. 2023 ஏப்ரலில் டெல்டாப் பகுதியில் புதிய நிலக்கரி வட்டாரங்களை ஏலப் பட்டியலில் சேர்த்தபோது முதல்வர் ஸ்டாலின் எதிர்க்க, அவை நீக்கப்பட்டன. நிறுவனம் நம்முடையது, விற்காதே. நிலமும் நம்முடையது, தோண்டாதே. இரண்டுமே நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தால் சுரங்கம் எந்தப் பக்கம் நகரும்? 2024 மார்ச்சில் மத்திய அரசு மேலும் கொஞ்சம் பங்கை விற்று, தன் பங்கை 72 சதவீத அளவுக்குக் குறைத்துக்கொண்டது. அப்போது பெரிதாகச் சத்தம் எதுவும் இல்லை.

பங்கு வாங்கிய தம்பிக்கு: வாங்கு, விற்றுவிடு என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அடுத்த ஆண்டறிக்கை வந்தால் லாபத்தை அப்புறம் பாருங்கள். நெய்வேலியில் எத்தனை லட்சம் டன் கரி எடுத்தார்கள், எத்தனை ஹெக்டேர் நிலம் கைக்கு வந்தது, மின்வாரியப் பாக்கி எவ்வளவு, இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் இரண்டு மூன்று பேர் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறீர்கள், ஒருவருக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம் பெண் எடுத்த வீடு. வளையமாதேவி, கத்தாழை, கரிவெட்டிப் பக்கம் இப்போது என்ன நிலவரம், கால்வாய் ஓடுகிறதா, பணம் வந்தவர்கள் எங்கே போய்க் குடியேறினார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். லெகோ அடுப்பு பற்றவைத்த அனுபவம் உள்ளவர்களும் எழுதலாம்.