கால் (சொல்)

கால் என்பது இடுப்புக்குக் கீழே விரல்நுனி வரையுள்ள உறுப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொல். பேச்சு வழக்கில் முழு உறுப்புக்கும் அதன் அடிப்பகுதிக்கும் இந்த ஒரே சொல்தான். கால் முறிந்தது என்றால் எலும்பு முறிந்தது. காலில் முள் தைத்தது என்றால் தைத்தது பாதத்தில். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்று முன்னொட்டு சேரும். செய்யுளிலும் வழிபாட்டிலும் அடி, தாள், கழல் ஆகியவை இதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவற்றுள் கழல் உண்மையில் வீரர் காலில் அணிந்த அணி.

திராவிட மொழிகளில் பரவலாக உள்ள சொல் இது. மலையாளத்தில் கால், கன்னடத்திலும் தெலுங்கிலும் காலு, துளுவில் காரு. நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளிலும், நடு இந்தியாவின் கோண்டி மொழியிலும் இதன் வடிவங்கள் உண்டு. எனவே இவை தனித்தனியாகப் பிரிவதற்கு முன்பே இச்சொல் வழங்கியிருக்க வேண்டும்.

நின்று தாங்குவது எதுவோ அது தமிழில் கால் பெற்றுவிடுகிறது. நான்கு கால் உடையது நாற்காலி, மூன்று உடையது முக்காலி. (இலங்கைத் தமிழர் நாற்காலியைக் கதிரை என்பர், அது போர்த்துக்கீசியச் சொல்.) தூணும் கால்தான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 985 தூண்களே உள்ளன என்பது ஊரறிந்த செய்தி. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் முன்பு நடும் கம்பு பந்தக்கால் அல்லது முகூர்த்தக்கால். பழந்தமிழில் சக்கரத்துக்கும் இப்பெயர் உண்டு. வண்டிச் சக்கரம் சகடக்கால். திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தில் 496ஆம் குறள் தேரின் சக்கரத்தைக் கால் என்கிறது. நான்கு குறள் தள்ளி, 500ஆம் குறளில் அதே சொல் சேற்றில் புதையும் யானையின் காலைக் குறிக்கிறது. உரை இல்லாமல் படிப்பவர் தடுமாறும் இடம்.

தொடக்கம் என்ற பொருளும் பழையது. நடுகல் எடுப்பதன் நிலைகளைச் சொல்லும் தொல்காப்பியம், கல்லைக் கண்டபின் செய்வதைக் கால்கோள் என்கிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் ஒரு காதையின் பெயர் கால்கோட் காதை. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் நிகழ்ச்சியைக் கால்கோள் விழா என்று இன்றைய அழைப்பிதழ்கள் அச்சிடும்போது அந்தச் சொல்லைத்தான் எடுத்தாள்கின்றன.

இச்சொல்லின் வரலாற்றில் சுவையான பகுதி கணக்குதான். நான்கில் ஒரு பங்கு கால், அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி வீசம் எனப்படும் மாகாணி. மூன்று கால் சேர்ந்தது முக்கால். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் கீழ்வாய் இலக்கம் என்ற பெயரில் இவற்றை மனப்பாடம் செய்தார்கள். நாற்கால் விலங்கின் ஒரு காலை அளவாகக் கொண்டதால் இப்பொருள் வந்தது என்பது வழக்கமான விளக்கம். வடமொழியில் பாதம் என்ற சொல்லுக்கும் நான்கில் ஒன்று என்ற பொருள் இருப்பது இதற்குத் துணைநிற்கிறது. இந்தியிலும் தெலுங்கிலும் கால் பங்கைச் சொல்லும் பாவு அதிலிருந்து பிறந்ததே. கன்னடமும் மலையாளமும் தமிழைப்போல் தம் சொந்தச் சொல்லிலேயே கணக்கிடுகின்றன. இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்: பாதியைக் குறிக்கும் அரை என்பது இடுப்புக்கும் பெயர். அரைஞாண் கயிறு அங்கே கட்டப்படுவதுதான்.

ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் காலணா என்பது ரூபாயின் 64இல் ஒரு பங்கு. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபின் காலணா போய்விட்டது. நாலணா என்று மக்கள் தொடர்ந்து அழைத்த 25 பைசாவான கால் ரூபாய் நாணயம் 2011 ஜூன் இறுதியில் செல்லாததாயிற்று. சொல் மட்டும் அசையவில்லை. காய்கறிக் கடையில் கால் கிலோ, கடிகாரத்தில் பத்தேகால், பள்ளியில் காலாண்டுத் தேர்வு. கால்பந்துப் போட்டியின் காலிறுதியில் இரு பொருளும் ஒரே வரியில் நிற்கின்றன. யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

இலக்கணத்திலும் கால் உண்டு. ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளைத் தரும் சொற்களைத் தொல்காப்பியர் அடுக்கும்போது கண்ணுக்கு அடுத்ததாக வருவது கால்: ஊர்க்கால் என்றால் ஊரிடத்து. வந்தக்கால் என்றால் வந்தால். எழுத்தில் நெடிலைக் காட்டும் குறி துணைக்கால். ஓலைச்சுவடியில் இதுவும் ரகரமும் ஒரே வடிவில் இருந்ததால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, அதுவரை தனி வடிவில் எழுதிய ணா, றா, னா மூன்றும் மற்ற எழுத்துகளைப் போலவே கால் பெற்றன.

இனி வருவது கருத்து வேறுபாடு உள்ள பகுதி. கால் என்றால் நீரோடும் வழி. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தின் இருப்பிடத்தை இத்தனையாம் வதி, வாய்க்கால், கண்ணாறு என்று குறிப்பார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்காலிலும் இச்சொல் இருக்கிறது. கால் என்றால் காற்றும்கூட. காலுதல் என்ற வினைக்குக் கக்குதல், வெளிப்படுத்துதல் என்று பொருள். நஞ்சு காலும் பாம்பு என்பது இலக்கிய வழக்கு. இவையெல்லாம் உறுப்புப் பெயரிலிருந்து கிளைத்தவையா, ஒலி மட்டும் ஒன்றான வேறு சொற்களா? தூண், சக்கரம், நான்கில் ஒன்று ஆகியவை உறுப்பின் விரிவு என்பதை ஏற்பதில் தடையில்லை. காற்றையும் கக்குதலையும் அந்தக் குடும்பத்தில் சேர்ப்பதற்குப் பொருள் வழியில் பாலம் இல்லை. தனிச் சொற்களாகக் கொள்வதே பொருத்தம். காலம் என்ற சொல்லைப் பற்றியும் இப்படி ஒரு கருத்து வேறுபாடு உண்டு: மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் அதைத் தமிழ்வேரிலிருந்து விளக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அதை வடசொல்லாகக் காட்டுகிறது.

மரபுத்தொடர்களில் கால் பெரும்பாலும் பிறர் கையில் அகப்பட்டிருக்கும். காலைப் பிடிப்பது கெஞ்சுவது, காலை வாருவது கவிழ்ப்பது, கால்கட்டுப் போடுவது மணம் முடித்து வைப்பது. வைத்த பொருள் காணாமல் போனால் அதற்குக் கால் முளைத்துவிட்டது என்பார்கள். மலம் கழித்தபின் கழுவுவதைக் கால் கழுவுதல் என்பது இடக்கரடக்கல்.

செருப்புக்கு வழங்கும் காலணி, கால் என்பதோடு அணி சேர்ந்த சொல், இதற்கு டண்ணகரம். குடியிருப்பைக் குறிக்கும் காலனி ஆங்கிலத்திலிருந்து வந்தது, அதற்கு றன்னகரம். பெயர்ப்பலகை எழுதுவோர் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.