டெத்தரிங் செயலிக்குப் பணம் கட்டலாமா? கொடுக்கும் விலைக்குத் தகுமா?

வீட்டில் நிலையான இணைய இணைப்பு இல்லாத குடும்பங்களுக்குக் கைப்பேசிதான் மோடம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே கற்றல் நடந்தபோது தோட்டப்புறங்களிலும் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பல பெற்றோர் இதை நேரில் அனுபவித்தனர். அப்பாவின் கைப்பேசியைத் திறந்து வைத்தால்தான் பிள்ளையின் மடிக்கணினிக்கு இணையம் கிடைக்கும். பள்ளிகள் திறந்துவிட்டன. ஆனாலும் உயர்கல்வி விண்ணப்பம், இயங்கலை வகுப்பு, வேலைக்கான நேர்காணல், சிறுதொழிலின் கணக்கு என எல்லாவற்றுக்கும் மடிக்கணினியும் இணையமும் இன்னும் தேவைப்படுகின்றன.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. ‘அன்லிமிடெட்’ என்று சொல்லி வாங்கிய முன்கட்டணத் திட்டத்தில் கைப்பேசிக்குள் இணையம் தடையின்றி ஓடும். மடிக்கணினியை இணைத்தால் சில நாளிலேயே நின்றுவிடும். காரணம் தேடிப் போகிறவர்களின் கண்ணில் படுபவை டெத்தரிங் செயலிகள். பதிவிறக்கம் இலவசம், முழுமையாகப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் நியாயமானதுதானா என்பதைக் கட்டுமுன்பே பார்த்துவிடுவது நல்லது.

கைப்பேசியிலேயே இருக்கும் வசதி

ஒரு கைப்பேசியின் இணையத்தை வேறொரு கருவிக்குப் பகிர்வதே டெத்தரிங். இதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைஃபை வழியாகக் கொடுக்கலாம். யூஎஸ்பி கம்பியால் இணைக்கலாம். புளூடூத் வழியாகவும் கொடுக்கலாம். புளூடூத் மெதுவானது. கம்பி வழி இணைத்தால் இணைப்பு நிலையாக இருக்கும். மடிக்கணினியிலிருந்து கைப்பேசிக்குச் சார்ஜும் ஏறும்.

இந்த வசதி 2010இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஐபோனில் 2011 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 4.3 முதல் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. அதாவது, இன்று கடையில் கிடைக்கும் சாதாரண விலை கைப்பேசியிலும் இது இலவசமாகவே உண்டு. ‘ஹாட்ஸ்பாட் வேண்டும்’ என்பதற்காக மட்டும் ஒரு செயலிக்குப் பணம் கட்டினால், சொந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்குக் காசு கொடுத்தது போலாகும்.

விலை எங்கே பிறந்தது?

அப்படியானால் இந்தச் செயலிகள் ஏன் வந்தன? அவற்றின் விலை அமெரிக்கச் சந்தையில் பிறந்தது.

2008இல் நெட்ஷேர் என்ற செயலி ஆப்பிள் கடையில் 9.99 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. விரைவிலேயே ஆப்பிள் அதை அகற்றியது. 2010இல் ஏடி அண்ட் டி நிறுவனம் டெத்தரிங் வசதிக்கு மாதம் 20 டாலர் கூடுதலாகக் கேட்டது. அதற்கு ஈடாகக் கூடுதல் டேட்டா எதுவும் தரவில்லை. அதே ஆண்டில் 99 காசுக்கு விற்கப்பட்ட ஒரு டார்ச்லைட் செயலிக்குள் டெத்தரிங் வசதி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்ததும், அதுவும் கடையிலிருந்து தூக்கப்பட்டது. 2011 நவம்பரில் 14.99 டாலர் விலையில் வந்த ஐடெத்தர் செயலிக்கும் அதே கதிதான்.

மாதம் 20 டாலர் கட்டணத்துக்கு எதிரே, ஒரே முறை கட்டும் 10 அல்லது 15 டாலர் மலிவாகத் தெரிந்தது. ஒரு மாதத்திலேயே போட்ட காசு திரும்பிவிடும். செயலிகளின் விலை இந்த ஒப்பீட்டில்தான் நிலைபெற்றது.

2012 ஜூலையில் இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. வாடிக்கையாளர்கள் டெத்தரிங் செயலிகளைப் பதிவிறக்க முடியாதபடி தடுத்த விவகாரத்தில், வெரைசன் வயர்லெஸ் நிறுவனம் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் 12 லட்சத்து 50 ஆயிரம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. பயன்படுத்தும் டேட்டாவுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்துபவர்கள், அந்த டேட்டாவைத் தனிக்கட்டணம் இல்லாமல் பகிர்ந்துகொள்ளவும் வழி பிறந்தது.

நம் நாட்டுக் கணக்கு வேறு

மலேசியாவில் ஹாட்ஸ்பாட் வசதிக்கென மாதம் 20 டாலர் யாரும் கேட்பதில்லை. இங்கே கட்டுப்பாடு வேறு வடிவில் வருகிறது. பல முன்கட்டணத் திட்டங்களில் கைப்பேசிக்குள் பயன்படுத்தும் டேட்டா ஒரு கணக்கு. ஹாட்ஸ்பாட் வழியாகப் பகிரும் டேட்டா இன்னொரு கணக்கு. விளம்பரத்தில் முதல் கணக்கு பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது, விதிமுறைப் பட்டியலில் சிறிய எழுத்தில் இருக்கும்.

ஒரு மணி நேரக் காணொளி வகுப்புக்கு ஏறத்தாழ 1 ஜிபி செலவாகலாம். ஹாட்ஸ்பாட் ஒதுக்கீடு 3 ஜிபி என்றால் மூன்று வகுப்போடு அது தீர்ந்துவிடும். விண்டோஸ் தானாகப் புதுப்பித்துக்கொண்டால் முதல் வகுப்புக்கே மிஞ்சாமல் போகலாம்.

எனவே நம்மவர்கள் இந்தச் செயலிகளைத் தேடுவது ஹாட்ஸ்பாட் இல்லாததால் அல்ல. அந்த ஒதுக்கீட்டைத் தாண்டுவதற்காக. இதைப் புரிந்துகொண்டால்தான் விலையை எடைபோட முடியும்.

நிறுவனம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் ‘டிடிஎல்’ என்ற ஓர் எண் இருக்கும். ஒரு கருவியைக் கடக்கும்போது அது ஒன்று குறையும். ஆண்ட்ராய்டு கைப்பேசியும் ஐபோனும் பொதுவாக 64 என்று தொடங்கும். விண்டோஸ் மடிக்கணினி 128 என்று தொடங்கும். மடிக்கணினியின் பொட்டலம் கைப்பேசியைக் கடந்து வெளியே போகும்போது 127 ஆகிவிடும். கைப்பேசியிலிருந்தே கிளம்பியதல்ல என்பதை நிறுவனம் இதிலிருந்து ஊகித்துவிடும்.

டெத்தரிங் செயலி ஓர் இடைத்தரகரைப் போலச் செயல்படுகிறது. மடிக்கணினி கேட்பதைச் செயலி வாங்கி, கைப்பேசியே கேட்பது போல வெளியே அனுப்புகிறது. அதனால் பொட்டலம் 64 என்ற எண்ணோடுதான் கிளம்பும். ஆனால் நிறுவனங்களுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் டிடிஎல் அல்ல. மடிக்கணினிக்கே உரிய புதுப்பிப்புச் சேவைகளோடு தொடர்புகொள்வதும், பயன்பாட்டின் அளவும் காட்டிக் கொடுத்துவிடலாம். இன்று வேலை செய்யும் செயலி அடுத்த மாதமும் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒதுக்கீட்டைத் தாண்டுவதைத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒப்பந்த மீறலாகக் கருதினால், வேகத்தைக் குறைக்கலாம். சேவையை நிறுத்தவும் செய்யலாம். அந்த நிலையில் செயலியை உருவாக்கியவர் பொறுப்பேற்க மாட்டார். எண் போனால் வங்கிக்கு வரும் டிஏசி குறுஞ்செய்தியும் அதோடு போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இலவசப் பதிப்பு எதற்கு?

ஈஸிடெத்தர் செயலியின் இலவசப் பதிப்பு ஒரு நல்ல உதாரணம். அது ‘எச்டிடிபிஎஸ்’ என்ற பாதுகாப்பான இணைப்புள்ள தளங்களைத் திறக்காது. செயலி வந்த காலத்தில் வங்கித் தளம், கட்டணம் செலுத்தும் பக்கம் போன்றவையே பெரும்பாலும் அந்த வகையில் இருந்தன. செய்தித் தளங்களை இலவசப் பதிப்பிலேயே படித்துவிடலாம். இன்றோ ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பாதுகாப்பான இணைப்புக்கு மாறிவிட்டன. அதனால் இலவசப் பதிப்பு இன்று பயன்பாட்டுக்கு உதவாது, பரிசோதனைக்கு உதவும். உங்கள் கைப்பேசியும் மடிக்கணினியும் அந்தச் செயலியோடு இணைகின்றனவா என்பதைக் காசில்லாமல் அறிய அது போதும்.

விலை நியாயமா?

முதலில் விற்பவரின் பக்கம். ஆண்ட்ராய்டு ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பாக வருகிறது. விண்டோஸும் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் செயலியைத் திருத்த வேண்டும். வருமானத்தில் கூகுள் கடையின் பங்கும் உண்டு. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரையிலான விற்பனைக்கு 15 விழுக்காடு என்ற விகிதம் 2021 ஜூலையில் நடப்புக்கு வந்தது. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு நம் அரசாங்கம் விதிக்கும் சேவை வரி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரே முறை கட்டி எப்போதும் பயன்படுத்தும் 10 டாலர் விலையைக் கொள்ளை என்று சொல்ல முடியாது.

அடுத்து வாங்குபவரின் பக்கம். 10 டாலர் என்பது ஏறத்தாழ 40 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் சொச்சம் வரும். ஆக, இந்தச் செயலியின் விலை அரை நாள் உழைப்பைவிடக் கூடுதல். அமெரிக்காவில் ஒரு மாதத்தில் திரும்பிய காசு இங்கே திரும்ப எவ்வளவு காலமாகும் என்பது ஒவ்வொருவரின் திட்டத்தைப் பொறுத்தது. கூடுதல் ஹாட்ஸ்பாட் டேட்டாவுக்கு உங்கள் நிறுவனம் கேட்கும் விலையால் 40ஐ வகுத்துப் பாருங்கள். விலை 10 ரிங்கிட் என்றால், நான்கு முறை வாங்கக்கூடிய பணம் அது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் தேவைப்படுகிறவருக்குச் செயலி நட்டம். மாதந்தோறும் தேவைப்படுகிறவர் செயலியைவிடத் திட்டத்தையே மாற்றுவது மேல்.

வாரச் சந்தா கேட்கும் செயலிகளின் கதை வேறு. வாரம் 5 ரிங்கிட் சிறிய தொகையாகத் தெரியும். ஆண்டுக்கு அது 260 ரிங்கிட். கைப்பேசியில் இலவசமாக உள்ள ஹாட்ஸ்பாட்டுக்கு அழகான பொத்தான் ஒன்றை வைத்து இப்படி வசூலிப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. கூகுள் பிளேயின் சந்தாப் பகுதிக்குச் சென்று தனியாக ரத்து செய்ய வேண்டும்.

யாருக்குத் தகும்?

இந்தச் செயலிகள் அறவே வேண்டாம் என்பதும் சரியல்ல. பழைய கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் பழுதாகி, கம்பி வழி இணைப்பும் சரியாக ஓடாதவருக்கு, புதுக் கைப்பேசி வாங்குவதைவிட 40 ரிங்கிட் செயலி மலிவு. கைப்பேசியில் ஓடும் விபிஎன் இணைப்பை மடிக்கணினிக்கும் பகிர வேண்டியவருக்கும் இது உதவும். பொதுவாக ஆண்ட்ராய்டின் சொந்த ஹாட்ஸ்பாட் அதைச் செய்வதில்லை.

ஒதுக்கீட்டைத் தாண்ட மட்டுமே வாங்குகிறவர் நிச்சயமில்லாத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார். தினமும் மடிக்கணினியில் வேலை உள்ள குடும்பத்துக்கு, ஹாட்ஸ்பாட் தடையில்லாத திட்டமோ, தனி சிம் போட்ட சிறிய மோடமோதான் நிலையான வழி.

பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

முதலாவதாக, கைப்பேசியின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட்டும் யூஎஸ்பி டெத்தரிங்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இயங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவதாக, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செயலியில் உங்கள் திட்டத்தின் ஹாட்ஸ்பாட் ஒதுக்கீடு எவ்வளவு என்று பாருங்கள். தெளிவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்துமூலம் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்னதும் கையில் கிடைத்ததும் வேறாக இருந்தால், முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

மூன்றாவதாக, மடிக்கணினியின் வைஃபை அமைப்பில் ‘மீட்டர்ட்’ இணைப்பு என்று குறித்துவிடுங்கள். விண்டோஸ் பெரிய புதுப்பிப்புகளை ஒத்திவைக்கும். வகுப்பின்போது கேமராவை அணைத்து வைத்தாலும் டேட்டா மிச்சமாகும். இருக்கும் ஒதுக்கீடே போதுமானதாக மாறலாம்.

நான்காவதாக, செயலி வேண்டும் என்று முடிவானால் இலவசப் பதிப்பில் சோதித்த பிறகே கட்டுங்கள். ஒரே முறைக் கட்டணமா, சந்தாவா என்று படியுங்கள். கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். ஆகவே வாங்கிய அன்றே உங்களுக்குத் தேவையான தளங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இடைத்தரகர் முறையில் இயங்கும் சில செயலிகளில் விளையாட்டுகளும் காணொளி அழைப்புகளும் சரியாக ஓடாது.

இலவச ஏபிகே: பெரிய ஆபத்து

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் ‘முழுப் பதிப்பு இலவசம்’ என்று சுற்றி வரும் ஏபிகே கோப்புகளை நிறுவ வேண்டாம். டெத்தரிங் செயலி வழியாக மடிக்கணினியின் இணையப் போக்குவரத்து முழுவதும் செல்கிறது. குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியையும் அது கேட்டு வாங்கிவிட்டால் வங்கியின் டிஏசி எண் திருடர்கள் கையில். 40 ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப் போய், சேமிப்பு முழுவதையும் இழக்க நேரிடலாம். அப்படிப் பணம் பறிபோனது தெரிந்தால், உடனே உங்கள் வங்கியையும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும்.

மொத்தத்தில், ஒரே முறைக் கட்டணம் கேட்கும் செயலியின் விலை அநியாயமானதல்ல. ஆனால் அது விற்கும் பொருள் நம்மில் பெரும்பாலோருக்குத் தேவையற்றது. தேவை எது என்று முதலில் கைப்பேசியின் அமைப்புகளிலும் திட்டத்தின் சிறிய எழுத்துகளிலும் தேடுங்கள்; அதற்குச் செலவில்லை.