ஏலமலை ஜீப்பும் மைல் மீட்டரும்

ஏலமலையில் வண்டி என்றால் ஜீப்தான். கம்பம் பக்கத்து ஆட்கள் விடிந்ததும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி வருகிறார்கள். தோட்ட வேலை முடிந்து சாயங்காலம் ஜீப்பிலேயே இறங்குகிறார்கள். ஆனைக்கரையில் அந்த வண்டிகளின் மீட்டரைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஒரு பழைய ஸ்பீடாமீட்டரைக் கையில் வாங்கினால், ஆர்.சி. புக் சொல்லாத சங்கதியையும் அது சொல்லும்.

மைலா, கிலோமீட்டரா என்றுதான் முதலில் பார்ப்பேன். பம்பாய் மசகானில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது 1949இல். அப்போது நாடு மைல் கணக்கில் ஓடியது. 1956இல் மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று இந்தப் பக்கத்துத் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. மாநிலம் ஒரே நாளில் மாறிவிட்டது, அளவை மாறத்தான் வருஷங்கள் பிடித்தன. 1960களில் சாலையோர மைல்கற்கள் கிலோமீட்டர் கற்களாயின. ஆகவே மைல் மட்டும் காட்டும் மீட்டர் அநேகமாக அந்த மாற்றத்துக்கு முந்தியது. எண்கள் 60 மைலோடு முடிந்தால் போர்க்கால வில்லிஸாக இருக்குமோ என்று பார்ப்பேன்.

உள்ளே இருக்கும் வித்தை 1902இல் ஜெர்மானியர் ஓட்டோ ஷூல்சே காப்புரிமை பெற்றது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் மின்சுழல் பிறந்து, கிண்ணத்தையும் முள்ளையும் இழுக்கும். மயிரிழை ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். அந்த ஸ்பிரிங்கில் எண்ணெய் படவே கூடாது. படிந்தால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு முள் பொய் சொல்லும்.

கேபிள் நட்டு மரையில் ஏறிவிட்டால் மீட்டர் பொருந்திவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. மோரிஸ், ஆஸ்டின் கார்களில் வந்த ஸ்மித்ஸ் மீட்டரின் முகப்பில், கீழே பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். 1408 என்று போட்டிருந்தால், ஒரு மைலுக்குக் கேபிள் 1408 சுற்று சுற்ற வேண்டும் என்று அர்த்தம். அமெரிக்க வண்டிகளில் மைலுக்கு 1000 சுற்றுதான் வழக்கம். இந்த ஸ்மித்ஸைக் கொண்டுபோய் ஜீப்பில் மாட்டினால், 28 மைல் வேகத்தில் போகும்போது முள் 20இல் நிற்கும். கம்பம்மெட்டு இறக்கத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அப்படி இறங்குவது உயிர் விஷயம்.

வண்டி தரும் சுற்றை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். மீட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, ஒயர் முனையில் ஒரு துண்டு அட்டையைச் செருகணும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சமதரையில் வண்டியை நேராக 52 அடி ஒன்பதரை அங்குலம் தள்ளணும். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. அட்டை எத்தனை சுற்று சுற்றியதோ, அதை நூறால் பெருக்கினால் கணக்கு கிடைக்கும். அரைச் சுற்று, கால் சுற்றையும் விடாமல் எண்ணணும். இந்தக் கணக்கும் முகப்பில் உள்ள எண்ணும் ஒத்துவராவிட்டால் டிரான்ஸ்பர் கேஸில் இருக்கும் மீட்டர் பினியனை மாற்றலாம், அல்லது இடையில் ஒரு சிறு கியர்பெட்டி வைக்கலாம்.

முகப்புக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம், "வேண்டாம் அண்ணே" என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். அந்தப் பொடி எண்ணும் கம்பெனி பெயரும் அழிந்துபோனால், அது எந்த வண்டியின் மீட்டர் என்று யாராலும் சொல்ல முடியாது. கிலோமீட்டர் வேண்டுமென்றால் கண்ணாடியின் மேல் மெல்லிய கோடு போடலாம்: 25 மைலுக்கு நேராக 40. ராணுவ மீட்டராக இருந்து, முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் சுரண்டவே கூடாது. அந்தக் காலப் பூச்சில் ரேடியம் கலந்திருந்தது. அப்படிப்பட்டதை நான் திறப்பதே இல்லை.

ஓடிய மைலையும் பூஜ்யத்துக்குத் திருப்ப மாட்டேன். என்ன எண்ணில் நின்றிருந்தது, எந்த வண்டியில் இருந்து வந்தது, எந்தப் பினியன் போட்டேன் என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் பின்பக்கம் ஒட்டிவிடுகிறேன். அடுத்துத் திறக்கிற மெக்கானிக் அட்டையைச் செருகி மறுபடி வண்டியைத் தள்ள வேண்டியிருக்காது.