தரவு மையங்களும் பசுமை மின்சாரமும்

தரவு மையம் என்பது எண்ணற்ற கணினிகளை இரவு பகலாக இயக்கும் கட்டடம் ஆகும். கணினிகளை இயக்கவும், அவற்றின் வெப்பத்தைத் தணிக்கவும் இதற்கு மிகுந்த மின்சாரம் தேவைப்படுகிறது. காற்றிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் அம்மின்சாரத்தைப் பெற்றால் கரிப்புகை குறையும். எனினும் அதற்கும் நிலம், நீர், கழிவு என ஒரு விலை உண்டு.

வரலாறு

தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரம் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது. பின்னர் முப்பந்தல் நாட்டின் பெரிய காற்றாலைப் பகுதிகளுள் ஒன்றாக வளர்ந்தது. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது.

2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடிக் கம்பிவடம் இணைத்தது. இத்தகைய வடங்கள் கரையேறும் நகரமாதலால் சென்னையில் தரவு மையங்கள் பெருகின. 2021இல் தமிழ்நாடு அரசு தரவு மையக் கொள்கையை வெளியிட்டது.

நிலம்

கமுதி மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அமைந்துள்ளது. தரிசு எனப் பதிவேட்டில் உள்ள நிலமும் பல ஊர்களில் ஆடுமாடுகளின் மேய்ச்சல் நிலமே. கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்காவுக்கு சுமார் 13,000 ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. நில உடைமையாளருக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம் கிடைக்கிறது. அந்நிலத்தில் கூலி வேலை செய்த நிலமற்றோருக்கு அது கிடைப்பதில்லை.

நீர்

நீரை ஆவியாக்கி வெப்பத்தைத் தணிக்கும் தரவு மையங்களுக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். காற்றினால் குளிர்விக்கும் முறையில் தண்ணீர் மிச்சமாகும், மின்செலவு கூடும். 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டபோது, பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த சில கணினி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே பணிபுரியச் சொல்லின. எனவே நீர்க்கணக்கையும் பார்ப்பது இன்றியமையாதது.

காலமும் கழிவும்

தமிழ்நாட்டில் காற்று மிகுதியாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. சூரிய மின்சாரம் பகலில் மட்டுமே கிடைக்கும். தரவு மையமோ ஒரு நொடியும் நிற்பதில்லை. ஆண்டுக் கணக்கில் முழுவதும் பசுமை எனக் காட்டும் நிறுவனமும், காற்றில்லாத இரவில் நிலக்கரி மின்சாரம் கலந்த பொதுத் தொகுப்பையே நம்பியிருக்கக்கூடும்.

சூரியத் தகடுகளின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் இத்தகடுகளையும் தம் வரம்பிற்குள் கொண்டுவந்தன. கமுதியின் தகடுகள் 2040களில் கழிவாகத் தொடங்கும்.

மதிப்பீடு

நிலக்கரியின் சாம்பலையும் புகையையும் நோக்க, பசுமை மின்சாரமே மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கணினியின் பயன் நகரத்திலும் அதற்கான நிலத்தின் இழப்பு சிற்றூரிலும் விழுகின்றன. எத்தனை மெகாவாட் என்பதோடு, யாருடைய நிலம், எந்த ஊர்த் தண்ணீர், எந்த நேரத்து மின்சாரம் என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை விலை தெரியும்.