பழைய தஞ்சாவூர்ப் படங்கள்: சேகரிப்பு

தஞ்சை மராட்டியர் ஆட்சியில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) செழித்த சாமி படங்கள் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த பூச்சால் நகையையும் மண்டபத்தையும் புடைப்பாக எழுப்பி, கண்ணாடிக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். வெண்ணெய்க் கிருஷ்ணனும் ராமர் பட்டாபிஷேகமும் அதிகம் கிடைப்பவை.

செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிந்தபோது பூஜையறைப் படங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. அவற்றோடு ரவிவர்மா அச்சகப் படங்களும் வந்தன. சில படங்களில் லட்சுமி, சரஸ்வதியின் புடவைக்குச் சரிகையும் ஜிகினாவும் தைத்திருக்கும். அச்சுப்படம்தானே என்று இவற்றை ஒதுக்குவது பிழை.

வாங்குபவர் முகப்பை விடப் பின்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. பூச்சி அரித்த பலகையும் துருவேறிய ஆணியும் வயதைச் சொல்லும். பழுது பார்த்த சுவடும் அங்கேதான் தெரியும். பளபளக்கும் தங்கம் எதையும் நிரூபிக்காது, புதிதாக ரேக்கு ஒட்டியிருக்கலாம்.



படங்களை விட உலோகச் சிலைகளை வாங்குவதில் சிக்கல் பெரிது. கோயிலில் திருடப்பட்டதை வாங்கியவருக்கு அது சொந்தமாகாது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடமே 2014இல் திருப்பித்தர நேர்ந்தது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலைகளையும் ஓவியங்களையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது; வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.