கரிமுக அம்பியும் கலமுகப்பு ஓவியமும்

சென்னை யானைக்கவுனியில் இன்று கவுனி இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரைச் சூழ எழுந்த மதிலின் வாயில்களுள் ஒன்று அது. மதிலும் வாயிலும் மறைந்தன, பெயர் நின்றது. நம் பழங்கலங்களின் முகப்புச் சிற்பங்களுக்கும் இந்நிலையே நேர்ந்தது.

சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதை, வையைத் துறையில் இயங்கிய பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி என்பவற்றைக் கூறும். குதிரை, யானை, சிங்கம் ஆகியவற்றின் முகம் அமைந்த ஓடங்கள் இவை. இவற்றைச் சான்றாக்கிப் பண்டைத் தமிழர் கடற்கலங்களும் விலங்குமுகம் உடையன என்பாருளர். அது பொருந்துமாறில்லை. ஈண்டுக் கூறப்படுவன ஆறு கடக்கும் ஓடங்களே. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளொடு அப்பெருந்துறையை விடுத்து, மரப்புணையில் அக்கரை சேர்ந்தனர். அணிமுக ஓடங்கள் பலர் வழங்கும் துறைக்குரியன என்பதே இதனாற் பெறப்படும். போசன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்னும் வடமொழி நூலும் கலமுகப்பிற்கு விலங்குமுகங்களைக் கூறுகின்றது. எனினும், அது பிற்காலத்து நூல்; சிலப்பதிகாரத்திற்கு உரையாகாது.

யானைமுகம் தனியே செதுக்கிப் பொருத்தப்பெற்றதா, முகப்பு மரத்திலேயே குடையப்பெற்றதா? துதிக்கை நீண்டிருந்ததா, சுருண்டிருந்ததா? வண்ணம் பூசப்பெற்றதா? இவ்வினாக்களுக்குச் சொல் விடை கூறாது.

விடை கூறவல்லது ஓவியம். அமெரிக்க நாட்டில் 1935 முதல் 1942 வரை, பழங்கைவினைப் பொருள்களை நீர்வண்ணத்தில் தீட்டும் பணி அரசின் உதவியால் நடைபெற்றது. 18,000-க்கு மேற்பட்ட அவ்வோவியங்கள் வாசிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன; கப்பல் முகப்புப் பாவைகளும் அவற்றுள் அடங்கும். பாவையை அழகுபடுத்திக் காட்டுதல் அவ்வோவியரின் நோக்கமன்று. உள்ளதை உள்ளவாறு பதிதலே நோக்கம். நீர்வண்ணம் மெல்லியது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் அதன் சாயல்கள் மரத்தின் இழையையும் வெடிப்பையும் உதிர்ந்த பூச்சையும் காட்டவல்லன. அவ்வோவியங்களைச் சுவைப்பார் உளியின் தடத்தைக் காண்டல் வேண்டும். கடல் அரித்த தடத்தையும் காண்டல் வேண்டும். அவையே அவற்றின் அழகு. வரலாற்றுக்குச் சான்றும் அவையே.

பாவையே எஞ்சுதலும் உண்டு. பம்பாயில் கட்டப்பெற்று 1819-இல் நீரில் விடப்பெற்ற ‘சிரிங்கபட்டம்’ என்னும் போர்க்கலத்தின் முகப்புப் பாவை இன்றும் கிரீனிச்சுக் கடற்காட்சியகத்தில் உள்ளது. பறவைமேல் அமர்ந்து குடை ஏந்திய உருவம் அது. வையை அம்பிக்கோ பாவையும் இல்லை, படமும் இல்லை.

யானைக்கவுனிக்கு வடகிழக்கே காசிமேட்டில், கட்டுமரங்களின் இடத்தைப் பைபர் படகுகள் பெரிதும் கொண்டுவிட்டன. எஞ்சிய மரக்கலங்களின் முகப்பையும் வண்ணத்தையும் இன்றே அளந்து தீட்டி வைத்தல் வேண்டும். இன்றேல், பின்வரும் ஆய்வாளர்க்கும் பெயரே எஞ்சும்.